ஈசிஜியில் பிளாக் தெரிந்தால் முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

ஹார்ட் பிளாக்கை, அதாவது இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சாரம் போகும் வழியில் வரும் தடையை, ஃபர்ஸ்ட் டிகிரி, செகண்ட் டிகிரி, தேர்ட் டிகிரி என்று படித்துத் தேர்வும் எழுதிவிடுகிறோம். வார்டில் அந்த எண் மட்டும் பெரிதாக உதவுவதில்லை. தூக்கத்தில் வெங்கெபாக் (தாமதம் கூடிக்கூடி ஒரு துடிப்பு விட்டுப்போகும் மொபிட்ஸ் 1 வகை) காட்டும் ஓட்டப்பந்தய வீரருக்கும் செகண்ட் டிகிரிதான். திடீர் திடீரென்று மயங்கி விழும் மொபிட்ஸ் 2 (தாமதம் கூடாமலே துடிப்பு விட்டுப்போகும் வகை) நோயாளிக்கும் செகண்ட் டிகிரிதான். முன்னவருக்கு மருந்தே வேண்டாம், பின்னவருக்குப் பேஸ்மேக்கர் வேண்டும். இருவரையும் பிரிப்பது தடை இருக்கும் இடம். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே வாசல் போல் இருக்கும் ஏவி நோடிலா, அதற்குக் கீழே மின்சாரத்தைக் கொண்டுபோகும் ஹிஸ் கற்றையிலும் அதன் கிளைகளிலுமா? ஈசிஜியைக் கையில் எடுத்ததிலிருந்து இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

சுங்கச்சாவடியில் வண்டிகள் தேங்குவதும், அதைத் தாண்டிப் பாலம் இடிந்து கிடப்பதும் ஒன்றல்ல. நோடில் தடை வந்தால், அதற்குச் சற்றுக் கீழிருந்தே நிமிடத்துக்கு 40 முதல் 60 வரை எஸ்கேப் ரிதம், அதாவது மேலிருந்து துடிப்பு வராதபோது இதயம் தானே எழுப்பும் மாற்றுத் தாளம், கிளம்பும். க்யூஆர்எஸ் (கீழறை துடிக்கும்போது விழும் கூர்மையான அலை) ஒல்லியாக இருக்கும், நாடியை வேகப்படுத்தும் அட்ரோபினுக்கு அசைந்துகொடுக்கும். காரணமும் பெரும்பாலும் மருந்து, இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு, கீழ்ச்சுவர் மாரடைப்பு என்று சரியாகக் கூடியதாகவே இருக்கும். ஹிஸ்ஸுக்குக் கீழே தடை வந்தால் எஸ்கேப் கீழறையான வென்ட்ரிக்கிளிலிருந்துதான் வரவேண்டும். வேகம் 20 முதல் 40, க்யூஆர்எஸ் அகலம், எந்த நேரத்தில் நின்றுபோகும் என்று சொல்ல முடியாது.

படிக்க உட்காருவதற்கு முன் தாளின் ஓரத்தைப் பாருங்கள். வேகம் செகண்டுக்கு 25 மி.மீ., உயரம் மில்லிவோல்ட்டுக்கு 10 மி.மீ. என்று இருக்க வேண்டும். யாரோ முன்பு 50 மி.மீ. வைத்துவிட்டு மாற்றாமல் போயிருந்தால் எல்லா இடைவெளியும் இரட்டிப்பாகத் தெரியும். 80 துடிப்பு 40 போலவும், 160 மில்லி செகண்ட் பிஆர் (பி அலை தொடங்கி க்யூஆர்எஸ் தொடங்கும் வரை உள்ள இடைவெளி) 320 போலவும் தோன்றும். இல்லாத பிளாக் அப்படியே உருவாகிவிடும். மெஷினில் மசில் ஃபில்டர் 35 அல்லது 40 ஹெர்ட்ஸில் போட்டிருந்தால் க்யூஆர்எஸ்ஸின் நுண்ணிய முறிவுகளும் பேஸ்மேக்கர் ஸ்பைக்கும் மழுங்கிப்போகும். கை லீட் இரண்டும் இடம் மாறியிருந்தால் லீட் 1 தலைகீழாகும், ஏவிஆர் நேராகும், ஆக்ஸிஸ் (இதய மின்சாரத்தின் மொத்தத் திசை) பொய் சொல்லும். அந்த ஆக்ஸிஸை நம்பி ஃபாசிக்குலர் பிளாக் (இடது கிளையின் ஒரு பிரிவில் தடை) என்று எழுதக்கூடாது. லீட் 1-இல் பி அலையும் கீழ்நோக்கி, ஆனால் நெஞ்சு லீட்களில் ஆர் அலை வழக்கம்போல் வளர்கிறது என்றால், முதல் வேலை லீடைச் சரிபார்த்து மறுபடி எடுப்பதுதான்.

இனி பி அலை, அதாவது மேலறை (ஏட்ரியம்) துடிப்பதைக் காட்டும் சிறு மேடு. க்யூஆர்எஸ் கண்ணைப் பறிக்கும் என்பதால் எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். பிளாக்கைப் பொறுத்தவரை அது தப்பான தொடக்கம். லீட் 2, வி1 இரண்டிலும் பி அலையைத் தேடுங்கள். அளப்பதற்கு காலிப்பர் இல்லாவிட்டாலும் கவலை இல்லை, ஒரு வெள்ளைத்தாளின் ஓரம் போதும். தெளிவாகத் தெரியும் அடுத்தடுத்த இரண்டு பி அலைகள் எங்கே தொடங்குகின்றன என்று தாளோரத்தில் கோடு போடுங்கள். அந்த இடைவெளியை அப்படியே வலப்பக்கம் நகர்த்திக்கொண்டே போங்கள். கோடு விழும் இடத்தில் பி தெரியாவிட்டால், அங்கே இருக்கும் டி அலையையும் (க்யூஆர்எஸ்ஸுக்குப் பின் வரும் மேடு) க்யூஆர்எஸ்ஸையும் உற்றுப் பாருங்கள். மற்ற டி அலைகளில் இல்லாத ஒரு மேடோ கூர்மையோ அங்கே இருந்தால் பி அதற்குள் ஒளிந்திருக்கிறது. இந்த இரண்டு நிமிட வேலையைச் செய்யாமல் பிளாக் பற்றி எதுவும் எழுதாதீர்கள்.

பி சரியாகத் தெரியாதபோது லூயிஸ் லீட் போடலாம். வலது கை எலக்ட்ரோடை நெஞ்செலும்பின் மேற்பகுதியிலும், இடது கை எலக்ட்ரோடை நெஞ்செலும்புக்கு வலப்பக்கம் ஐந்தாவது விலா இடைவெளியிலும் வைத்து லீட் 1-ஐ ஓடவிடுங்கள். உயரத்தை 20 மி.மீ.க்கு ஏற்றினால் பி இன்னும் நன்றாகத் தெரியும். தாளின் மேல் "லூயிஸ் லீட், 20 மி.மீ." என்று பேனாவால் எழுதிவைக்க மறக்க வேண்டாம். எழுதாமல் விட்டால் அடுத்த ஷிப்டில் வருபவர் அதைச் சாதாரண லீட் 1 என்று படித்துவிடுவார்.

பிஆர் இடைவெளி என்பது பி தொடங்கும் இடத்திலிருந்து க்யூஆர்எஸ் தொடங்கும் இடம் வரை. 3 முதல் 5 சிறு கட்டம், அதாவது 120 முதல் 200 மில்லி செகண்ட் வரை சரி. 200-ஐத் தாண்டி, எல்லா பி-யும் கீழே போய்ச் சேர்ந்தால் ஃபர்ஸ்ட் டிகிரி. பெயர் பிளாக் என்றாலும் உண்மையில் தாமதம்தான், தனியாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. 300-ஐத் தாண்டும்போது பி முந்தைய டி-யின் மேல் ஏறிக்கொள்ளும், சிலருக்குப் படபடப்பும் மூச்சுத்திணறலும் வரும். காய்ச்சலும் மூட்டுவலியுமாக வரும் பிள்ளையிடம் நீண்ட பிஆர் இருந்தால் ருமாட்டிக் காய்ச்சலை நினைத்துப் பாருங்கள். அந்தக் காய்ச்சலைக் கண்டறியும் ஜோன்ஸ் அளவுகோலில் நீண்ட பிஆர் ஒரு மைனர் அம்சம்.

வெங்கெபாக்கை எண்ணோடு பார்த்தால்தான் மனதில் நிற்கும். பி-யிலிருந்து பி 20 சிறு கட்டம் என்று வைத்துக்கொள்வோம். முதல் துடிப்பில் பிஆர் 5 கட்டம், இரண்டாவதில் 7.5, மூன்றாவதில் 8.5, நான்காவதில் 9. ஐந்தாவது பி-க்கு க்யூஆர்எஸ் இல்லை. ஆறாவதில் பிஆர் மறுபடி 5. இப்போது க்யூஆர்எஸ் இடைவெளிகளைக் கணக்குப் போடுங்கள். முதலில் 22.5, அடுத்தது 21, அடுத்தது 20.5, பிறகு 36 கட்ட இடைவெளி. பிஆர் நீண்டுகொண்டே போகிறது, ஆனால் ஆர்ஆர், அதாவது க்யூஆர்எஸ் இடைவெளி, குறுகிக்கொண்டே வருகிறது. இது பலரைக் குழப்பும். பிஆர் கூடினாலும் ஒவ்வொரு முறையும் கூடும் அளவு குறைவதுதான் காரணம்: 2.5, 1, 0.5. விட்டுப்போன இடைவெளி 36 என்பது இரண்டு பி இடைவெளியான 40-ஐ விடக் குறைவு. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் அது நோடின் கைவேலை.

நிஜத்தில் எல்லா வெங்கெபாக்கும் இப்படிப் பாடப்புத்தக ஒழுங்கில் வராது. நீண்ட சுழற்சிகளில் நடுவே ஐந்தாறு துடிப்புகளுக்குப் பிஆர் மாறாதது போலவே இருக்கும். அதைப் பார்த்து மொபிட்ஸ் 2 என்று எழுதிவிடுவார்கள். ஒரு எளிய சோதனை இருக்கிறது. விட்டுப்போனதற்கு முந்தைய பிஆரையும், விட்டுப்போனதற்கு அடுத்த பிஆரையும் மட்டும் ஒப்பிடுங்கள். அடுத்தது குறுகியிருந்தால் வெங்கெபாக். இரண்டும் ஒரே அளவு, பி இடைவெளியும் சீர், விட்ட இடைவெளி சரியாக இரண்டு பி இடைவெளி என்றால் மொபிட்ஸ் 2.

கரேல் வெங்கெபாக் இந்தத் தாளத்தை 1899-இல் விவரித்தபோது இன்றைய ஈசிஜி கிடையாது, நாடியின் பதிவுகளை வைத்தே கண்டுகொண்டார். ஏவி நோடை சுனாவோ தவாரா வெளியிட்டது 1906-இல். அதே ஆண்டு ஜான் ஹே கழுத்துச் சிரையின் துடிப்பைப் பார்த்து இரண்டாவது வகையைச் சொன்னார். வோல்டெமார் மொபிட்ஸ் 1924-இல் இரண்டையும் ஈசிஜியில் வகைப்படுத்தினார். நாடியை வைத்தே இவ்வளவு பிடித்தார்கள் என்றால், பன்னிரண்டு லீட் கையில் இருக்கும் நாம் அளக்காமல் விடுவதற்குச் சாக்கே இல்லை.

மொபிட்ஸ் 2 என்று எழுதுவதற்கு முன் இரண்டு போலிகளை விலக்க வேண்டும். ஒன்று, கீழே போய்ச் சேராத முன்கூட்டிய ஏட்ரியல் துடிப்பு, அதாவது பிளாக்டு பிஏசி. ஈசிஜியில் திடீர் இடைவெளிக்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான். விட்டுப்போன பி நேரத்துக்கு முன்பே வந்திருக்கும், முந்தைய டி அலையைக் கோணலாக்கியிருக்கும். பிளாக்கில் விட்டுப்போன பி சரியான நேரத்தில் வந்திருக்கும். இந்த ஒரு வித்தியாசத்தைத் தாளோரக் கோடு காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாவது போலி வேகஸ். வாந்தி, இருமல், ஊசி, சிறுநீர்க் குழாய் மாற்றுவது போன்ற நேரத்தில் பி இடைவெளியும் சேர்ந்து நீண்டு, ஒரு க்யூஆர்எஸ் விட்டுப்போகும். சைனஸ் (இதயத்தின் இயல்பான தாளக்கருவி) வேகமும் கூடவே குறைந்தால் அது நோடின் மேல் வேகஸ் செய்த வேலை. க்யூஆர்எஸ் ஒல்லியாக இருக்கும் ஒருவரிடம் மொபிட்ஸ் 2 என்று தோன்றினால் இன்னொரு தடவை அளங்கள். உண்மையான மொபிட்ஸ் 2 பெரும்பாலும் அகன்ற க்யூஆர்எஸ்ஸோடுதான் வரும்.

அதிகம் தவறவிடப்படுவது 2:1 பிளாக், அதாவது இரண்டு பி-க்கு ஒன்று மட்டும் கீழே போவது. மெஷின் ரிப்போர்ட்டில் "சைனஸ் பிராடிகார்டியா, வேகம் 50, ஆர்பிபிபி" என்று அச்சாகி வந்திருக்கிறது என்று வையுங்கள். சைனஸ் மெதுவாக ஓடுகிறது, வலது கிளையில் தடை என்று பொருள். பெரியவர் தலைசுற்றலோடு வந்திருக்கிறார். ஆர்ஆர் 30 சிறு கட்டம், பிஆர் 4 கட்டம், பார்க்க ஒழுங்காகவே இருக்கிறது. இரண்டு பி-க்கு நடுவே, முதல் பி-யிலிருந்து 15-வது கட்டத்தில் விரலை வையுங்கள். அது க்யூஆர்எஸ் தொடங்கி 11 கட்டம், அதாவது 440 மில்லி செகண்ட். டி அலை இறங்கி முடியும் இடம். அங்கே வி1-இல் ஒரு சின்ன மேடு தெரிந்தால், ஏட்ரியம் 100-இல் ஓடுகிறது, பாதிதான் கீழே வருகிறது. மெஷினுக்கு அந்த மேடு டி-யின் பகுதியாகத் தெரிந்ததால் சைனஸ் பிராடி என்று முடிவுகட்டிவிட்டது. மயக்கமோ தலைசுற்றலோ உள்ளவரின் வேகம் 50-க்குக் கீழோ அதை ஒட்டியோ இருந்தால், இரண்டு பி-க்கு நடுப்புள்ளியைப் பார்க்காமல் தாளை மடிக்காதீர்கள்.

2:1-ஐ மொபிட்ஸ் 1 என்றோ 2 என்றோ பெயரிட முடியாது. அடுத்தடுத்து இரண்டு பிஆர் இல்லையே, எதோடு எதை ஒப்பிடுவது? "2:1 ஏவி பிளாக்" என்றே எழுதுங்கள், பிறகு இடத்தைத் தேடுங்கள். ஒல்லியான க்யூஆர்எஸ், 300 போல நீண்ட பிஆர் என்றால் நோடின் பக்கம் சாயலாம். அகன்ற க்யூஆர்எஸ், 160-க்குள் குறுகிய பிஆர் என்றால் கீழே என்று சந்தேகப்படுங்கள். உறுதிப்படுத்த நீளமான ஸ்ட்ரிப் எடுங்கள். ஒரே ஒரு இடத்தில் 3:2 வந்தாலும் போதும், இரண்டு பிஆர் கிடைத்துவிடும்.

இன்னொரு வழி சைனஸ் வேகத்தை மாற்றிப் பார்ப்பது. நோயாளியின் நிலை இடம் கொடுத்தால், மானிட்டரை விட்டுக் கழற்றாமல் எழுந்து உட்காரவைத்துக் கால்களை அசைக்கச் சொல்லுங்கள். தடை நோடில் இருந்தால் அட்ரீனலின் நோடையும் வேகப்படுத்தும், 2:1 என்பது 3:2 ஆகும், வேகம் கூடும். கீழே இருந்தால் ஏட்ரியத்திலிருந்து இன்னும் அதிகத் துடிப்புகள் வந்து மோதும். 2:1 என்பது 3:1 ஆகி நாடி குறையும். அட்ரோபினும் இதே மாதிரிதான். அட்ரோபின் போட்டபின் நாடி 44-லிருந்து 30-க்கு இறங்கினால் மருந்து தரமில்லை என்று நினைக்காதீர்கள், தடை ஹிஸ்ஸிலோ அதற்குக் கீழோ இருக்கிறது என்று அது சொல்கிறது. உடனே பேஸிங் பேடை ஒட்டுங்கள்.

முழு பிளாக்கில் (தேர்ட் டிகிரி) பி ஒரு பக்கம், க்யூஆர்எஸ் ஒரு பக்கம் என்று தனித்தனியாக ஓடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தனித்தனியாக ஓடுவதெல்லாம் பிளாக் அல்ல. சைனஸ் சற்று மெதுவாகி, ஜங்ஷன் (ஏவி நோடை ஒட்டிய பகுதி) அதே வேகத்தில் ஓடினால் பி அலை க்யூஆர்எஸ்ஸுக்குள் நுழைந்து வெளியே வந்து விளையாடும். வழி திறந்தே இருக்கிறது, பி தாமதமாக வருவதால் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான். பிளாக் என்று சொல்ல வேண்டுமானால், கீழே போவதற்கு நல்ல வாய்ப்புள்ள நேரத்தில், அதாவது டி முடிந்து வெகுநேரம் கழித்து விழுந்த பி-யும் போகாமல் நிற்க வேண்டும். ஏட்ரியம் வென்ட்ரிக்கிளை விட வேகமாக ஓட வேண்டும். ஆர்ஆர் சீராக இருக்க வேண்டும். நடுவே ஒரு க்யூஆர்எஸ் மட்டும் முன்னதாக வந்தால், அதற்கு முன்னிருந்த பி கடந்துபோயிருக்கலாம். அப்படியானால் அது முழு பிளாக் அல்ல, ஹை கிரேட், அதாவது பெரும்பாலான பி நின்று சில மட்டும் கடந்துபோகும் வகை. சிகிச்சை பெரிதாக மாறாது, ஆனாலும் சரியாக எழுதுவது நல்லது. முழு பிளாக்கில் க்யூஆர்எஸ்ஸை உள்ளடக்கிய பி இடைவெளி, அடக்காததை விடச் சற்றுக் குறுகலாக இருப்பதும் உண்டு. அதைப் பார்த்து பிஏசி என்று குழம்ப வேண்டாம்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (மேலறை ஒழுங்கின்றி நடுங்குவது) உள்ளவரின் நாடி திடீரென்று சீராகி 40-இல் நின்றால் "ரிதம் கன்ட்ரோல் ஆகிவிட்டது" என்று சந்தோஷப்படக்கூடாது. அடிக்கோடு நடுங்கிக்கொண்டே இருக்க, க்யூஆர்எஸ் மட்டும் மணிப்பொறி போல் வருகிறதென்றால் அது முழு பிளாக். இதயத்தை மெதுவாக்கும் டிகாக்சின் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று அடுத்த கேள்வியாகக் கேளுங்கள்.

தடை வராத நேரத்தில் எடுத்த ஈசிஜியிலும் துப்பு இருக்கும். ஆர்பிபிபியோடு ஆக்ஸிஸ் மைனஸ் 45-ஐத் தாண்டி இடப்பக்கம் சாய்ந்து, ஏவிஎல்லில் க்யூஆர், லீட் 2, 3-இல் ஆர்எஸ் என்றால், மூன்று பாதைகளில் இரண்டு போய்விட்டன. இதோடு பிஆரும் நீண்டிருந்தால் ட்ரைஃபாசிக்குலர் என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. அந்தச் சொல்லை விட்டுவிடலாம் என்பது என் உறுதியான கருத்து. பிஆர் நீளம் நோடில் ஏற்பட்ட தாமதமாகவும் இருக்கலாம், மேற்பரப்பு ஈசிஜியால் அதைப் பிரிக்க முடியாது. "ஆர்பிபிபி, லெஃப்ட் ஆன்டீரியர் ஃபாசிக்குலர் பிளாக், பிஆர் 240" என்று உள்ளதை உள்ளபடி எழுதினால் படிப்பவருக்கு எல்லாம் புரியும். இப்படிப்பட்டவர் மயங்கி விழுந்திருந்தால் எலக்ட்ரோ ஃபிசியாலஜி பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஹிஸ்ஸிலிருந்து வென்ட்ரிக்கிளுக்குத் துடிப்பு போகும் நேரமான ஹெச்வி இடைவெளியை அளப்பார்கள். 35 முதல் 55 மில்லி செகண்ட் வரை சாதாரணம், 70 அல்லது அதற்கு மேல் என்றால் பேஸ்மேக்கர். ஒரு நாள் ஆர்பிபிபி, மறுநாள் எல்பிபிபி (இடது கிளையில் தடை) என்று மாறிமாறி வந்தால் பரிசோதனைக்குக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. இதனால்தான் பழைய ஈசிஜிகளைத் தேடி எடுத்து வரச்சொல்வது அவ்வளவு முக்கியம்.

பேஸ்மேக்கர் வரை போவதற்கு முன் சரிசெய்யக்கூடிய காரணங்களைத் தேடுங்கள். முதலில் பொட்டாசியம். சிறுநீரகம் பழுதானவர், பி காணவில்லை, க்யூஆர்எஸ் அகன்று மெதுவாக ஓடுகிறது என்றால் லேப் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்காமல் கால்சியம் குளூகோனேட் கொடுக்க வேண்டிய இடம் அது. கீழ்ச்சுவர் மாரடைப்பில் வரும் பிளாக் நோடில்தான், பெரும்பாலும் சில நாட்களில் தானே போய்விடும். முன்சுவர் மாரடைப்பில் வந்தால் தசையோடு கிளைகளும் சேர்ந்து சேதமாகியிருக்கின்றன என்று பொருள், அது மோசமான செய்தி. மருந்துப் பட்டியலில் பீட்டா பிளாக்கர், டில்டியாஸெம், வெரபாமில், டிகாக்சின், அமியோடரோன் எல்லோரும் கேட்பார்கள். கிளாக்கோமாவுக்குப் போடும் டிமோலால் கண் சொட்டு மருந்தைக் கேட்க மாட்டார்கள். கண்ணில் விட்டதும் ரத்தத்தில் கலந்து இதயத்தை மெதுவாக்கும் பீட்டா பிளாக்கர்தான் அதுவும். "மாத்திரை எதுவும் சாப்பிடலை" என்று சொல்பவரிடம் சொட்டு மருந்தைத் தனியாகக் கேளுங்கள்.

தமிழகத்திலும் இலங்கையிலும் மஞ்சள் அரளி நஞ்சை மறக்கவே கூடாது. அதில் இருப்பது டிகாக்சின் போன்ற கிளைக்கோசைடு. சைனஸ் மெதுவாகும், எந்த டிகிரி பிளாக்கும் வரும், பிளாக்கோடு சேர்ந்த ஏட்ரியல் டாக்கிகார்டியாவும் வரும். வந்தவுடன் எடுத்த ஈசிஜி சுத்தமாக இருந்துவிட்டு மணிக்கணக்கில் கழித்து மோசமாகலாம் என்பதால் ஒரு நல்ல ஈசிஜியை நம்பி வீட்டுக்கு அனுப்பக்கூடாது, குறைந்தது 24 மணி நேரம் மானிட்டரில் வைக்க வேண்டும். டிகாக்சின் எதிர்ப்பு ஃபேப் (நஞ்சைப் பிடித்து முடக்கும் எதிர்ப்புரதத் துண்டு) இந்த ரிதக் கோளாறுகளை மீட்டதை இலங்கையில் நடந்து 2000-இல் வெளியான ஆய்வு காட்டியது.

வயதானவர்களிடம் கடத்துப்பாதை நார்த்திசுவாவது வழக்கமான காரணம். நாற்பதுக்குள் ஒருவருக்கு முழு பிளாக் என்றால் அதோடு திருப்தியடைய முடியாது. சார்காய்டோசிஸ் (உறுப்புகளில் அழற்சிக் கட்டிகள் வரும் நோய்), காசநோய் இரண்டையும் தேட வேண்டும், பேஸ்மேக்கர் வைத்து அனுப்பிவிட்டால் நோய் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். பிறந்த குழந்தையிடம் என்றால் தாயின் ரத்தத்தில் ஆன்டி-ரோ, ஆன்டி-லா எதிர்ப்புரதங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் செய்ய வேண்டியது கொஞ்சம். ரத்த அழுத்தம் விழுந்து மயக்கநிலை இருந்தால் அட்ரோபின் 1 மி.கி., 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை, மொத்தம் 3 மி.கி. வரை. அதற்கு அசையாவிட்டால் வெளிப்புற பேஸிங், கூடவே டோபமின் அல்லது அட்ரீனலின் டிரிப். பேஸிங் போடும்போது மானிட்டரில் ஸ்பைக் தெரிவதே வெற்றி அல்ல. ஒவ்வொரு ஸ்பைக்குக்குப் பின்னும் அகன்ற க்யூஆர்எஸ்ஸும் அதற்கு எதிர்த்திசையில் டி அலையும் வர வேண்டும். நாடியைத் தொடையில் தொட்டுப் பாருங்கள், அல்லது ஆக்ஸிமீட்டர் அலையைப் பாருங்கள். கழுத்தில் தொட்டால் பேஸரின் உதைப்பில் தசை துள்ளுவதே நாடி போலத் தெரியும்.

நோயாளியோடு ஒரிஜினல் பன்னிரண்டு லீட் தாளையும், அறிகுறி இருந்தபோது எடுத்த நீளமான லீட் 2 ஸ்ட்ரிப்பையும் அனுப்புங்கள். தெர்மல் தாள் வெளிறிவிடும் என்பதால் போனில் ஒரு போட்டோவும் எடுத்துவையுங்கள். தாளில் நேரம், அப்போது என்ன அறிகுறி, ரத்த அழுத்தம், அட்ரோபின் போடுவதற்கு முன்பா பின்பா என்று எழுதுங்கள். பேஸ்மேக்கர் வைத்த பிறகு உண்மையான ரிதம் பேஸிங்குக்கு அடியில் மறைந்துவிடும். காரணம் தேடுபவருக்கு அப்போது மிஞ்சுவது அந்த ஸ்ட்ரிப் மட்டுமே.